கணக்குப் பரம்பரை, படப் பரம்பரை: டர்பனில் பழைய சிவில் கோப்புகளோடு பட்ட பாடு

2022 ஏப்ரல் மழையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். டோங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் சிதைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் எங்களைப் போன்ற சிவில் டிசைன் அலுவலகங்களில் வந்து குவிந்த வேலையில் பெரும்பகுதி, எதையும் புதிதாக வடிவமைப்பதற்கு முந்தைய வேலை. மண்ணுக்குள் ஏற்கெனவே என்ன இருந்தது, எங்கே இருந்தது, எந்த மட்டத்தில் இருந்தது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்கிறேன். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் உம்லட்டுசானா ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவு. தெருவுக்குக் கீழே மழைநீர்க் குழாய், அதற்கும் கீழே கழிவுநீர்க் குழாய். இந்தத் தெருவுக்காக எங்கள் கைக்கு வந்த சரக்கு இது: 1960-களில் மை போட்டு வரைந்த தாள்களின் ஸ்கேன், வெறும் எண்கள் மட்டும் உள்ள ஒரு டெக்ஸ்ட் கோப்பு, 90-களில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் செய்த கோப்பு, அப்புறம் சிவில் 3டி என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த சமீபத்திய மாடல். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது, ஒன்று திரையிலேயே காணோம். கோவையிலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர் கேட்டார்: “அண்ணா, இதுல எது சரி?”

நான்குமே சரிதான். அது அது எந்த மென்பொருளில், எந்த வழக்கத்தில் பிறந்தது என்று தெரிந்தால் நான்கும் ஒன்றாகப் பொருந்தும். தெரியாவிட்டால் எது தப்பென்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம். சிவில் டிசைன் மென்பொருள்களின் வரலாறு எனக்குச் சோறு போடுவது இந்த வகையில்தான். அதனால் அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் பெரியண்ணன் பற்றி. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 90-களின் நடுவில் டர்பனுக்கு வந்தபோது, அலுவலகத்தில் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் அவர். எல்லாருக்கும் பெரியண்ணன். அவருடைய குடும்பம் கேட்டோ மேனரில் இருந்தது. மக்களை இன வாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குழு வசிப்பிடச் சட்டம் அவர்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. அந்தச் சமயத்தில் அவர் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்பு, பகலில் ஓர் அலுவலகத்தில் டிரேசர் (படங்களை மையில் நகலெடுப்பவர்). தன் வீட்டாரை எந்த ஊருக்குக் கொண்டுபோய் விடப் போகிறார்களோ, அந்த ஊரின் சாக்கடைப் படங்களில் சிலவற்றுக்கு மை போட்டவர். இதைப் பற்றிப் பேச்சு வந்தால், “வாட்டத்தை மட்டும் ஒழுங்காப் போட்டோம் தம்பி, நம்ம வீட்டுத் தண்ணிதானே போகணும்” என்பார். அதற்குமேல் பேச மாட்டார். நானும் கேட்டதில்லை.

கையால் வரைந்த காலத்தில் படமும் கணக்கும் தனித்தனி ஆட்களின் வேலை. சர்வேயரின் புத்தகத்தில் எண்கள். கணக்குப் போடுபவர் ஏழு இலக்க லாக் டேபிளோ கை சுற்றும் கால்குலேட்டரோ வைத்து ஆயத்தொலைவுகளைக் கண்டுபிடிப்பார். டிராஃப்ட்ஸ்மேன் அவற்றைத் தாளில் குறிப்பார். மண் அளவு வேண்டுமென்றால் கிராஸ் செக்‌ஷன்களை வரைந்து, பிளானிமீட்டரை ஓட்டிப் பரப்பளவு எடுத்து, இரண்டு பரப்பின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்க வேண்டும். இன்றைக்கும் சிவில் 3டி வழக்கமாக அதே சராசரி முறையில்தான் மண் கணக்குத் தருகிறது. மாறியது பரப்பளவு எடுக்கும் கை மட்டும்.

கணினி வந்தபோது இந்த இரண்டு வேலையும் இரண்டு வழியாகப் போயின. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்குக் காரணம் அந்தப் பிரிவுதான்.

முதலில் வந்தது கணக்கு. 1950-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் எம்ஐடியில் சார்லஸ் மில்லர் என்ற சிவில் பேராசிரியர், நிலத்தைப் படமாக வைக்காமல் எண்களாகவே கணினிக்குள் வைப்பது பற்றி யோசித்தார். 1958-இல் லாஃப்லாம் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில்தான் ‘டிஜிட்டல் டெரெய்ன் மாடல்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஒரு சாலைக்கு நாலைந்து பாதைகளைப் போட்டுப் பார்த்து, எதில் மண் வெட்டு குறைவு என்று ஒப்பிட வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். அதே குழுவிலிருந்து கோகோ வந்தது. ஆயத்தொலை வடிவியல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ‘இந்தப் புள்ளியிலிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரம் போய் அடுத்த புள்ளியை வை’ என்று, சர்வேயர் பேசுகிற பாணியிலேயே கட்டளை கொடுக்கலாம். திரை கிடையாது, படம் கிடையாது. துளை அட்டையைக் கொடுத்தால் தாளில் எண்கள் அச்சாகி வரும்.

படம் வந்தது கொஞ்சம் பிந்தி, அதுவும் அதே எம்ஐடியில். 1963-இல் ஐவன் சதர்லாண்ட் தன் ஆய்வுப் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடில், ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போட முடிந்தது. இன்று கேட் (கணினியில் படம் வரைவது) என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் முன்னோடி அதுதான். சாலை, சாக்கடைக்காரர்களுக்கு அதைவிட மூத்த முன்னோர் மில்லர். எங்கள் துறை கேட் வரலாற்றில் மட்டும் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை என்பது என் ஆதங்கம்.

கணக்குப் பரம்பரையின் அடுத்த பெரிய வாரிசு, 1970-களில் பிரிட்டனில் கவுண்டி மன்றங்களின் சாலைத் துறைகளில் உருவான மாஸ். சாலையை அது சரங்களாகப் பார்த்தது. நடுக்கோடு ஒரு சரம், கெர்ப் (சாலையோரக் கல்) ஒரு சரம், வாய்க்காலின் அடி ஒரு சரம், வெட்டுச் சரிவின் உச்சி ஒரு சரம். ஒவ்வொரு சரத்துக்கும் நான்கு எழுத்துப் பெயர். முதல் எழுத்தைப் பார்த்தே அது என்ன வகை என்று தெரியும். எங்களுக்கு வந்த அந்த எண்கள் மட்டும் உள்ள டெக்ஸ்ட் கோப்பு இந்த வகை: ஜெனியோ என்ற மாஸ் பரிமாற்ற வடிவம். நோட்பேடில் திறந்தால் நாலெழுத்துப் பெயர், அதன்கீழ் வரிசையாக எண்கள், அப்புறம் அடுத்த பெயர். பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும். ஆனால் நான்கு கோப்புகளில் உயரம் உட்பட எல்லாம் முழுசாக இருந்தது அதில்தான். 2003-இல் பென்ட்லி நிறுவனம் இந்த மென்பொருளை வாங்கிக்கொண்டது. நிறுவனம் கைமாறினாலும் டெக்ஸ்ட் கோப்பு டெக்ஸ்ட் கோப்பாகவே இருக்கிறது. யாருடைய உரிமமும் இல்லாமல் படிக்கலாம்.

படப் பரம்பரைக்கு வருவோம். 1982 ஏப்ரலில் ஜான் வாக்கரும் சில நிரலாளர்களும் சேர்ந்து ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக் ரிடில் எழுதி வைத்திருந்த இன்டராக்ட் என்ற நிரலிலிருந்து வளர்ந்த ஆட்டோகேட் அந்த வருஷக் கடைசியில் வெளிவந்தது. மேசைக் கணினியில் ஓடியது. விலையும் சிறிய அலுவலகங்களுக்குக் கட்டுப்பட்டது. உலகம் முழுக்கப் பரவ அது போதும். ஆனால் அது ஒரு மின்னணு டிராயிங் போர்டு. அதற்குக் கோடு தெரியும், வட்டம் தெரியும், எழுத்து தெரியும். மலை தெரியாது, வாட்டம் தெரியாது.

இதனால் என்ன ஆனதென்றால், 80-களின் கடைசியிலும் 90-களிலும் வரைந்த ஏராளமான சிவில் படங்களில் உயரம் வெறும் எழுத்து. ‘125.68’ என்று அழகாக எழுதியிருக்கும். அந்த எழுத்தைத் தொட்டு அதன் இசட் மதிப்பை, அதாவது கணினிக்குத் தெரிந்த உயரத்தைப் பார்த்தால் பூஜ்யம். கான்டூர் கோடுகளும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) அப்படியே, எல்லாம் கடல் மட்டத்தில் படுத்துக் கிடக்கும். இப்படிப் பட்ட ஒரு கோப்பிலிருந்து தரை மாடல் செய்ய, எழுத்தின் மதிப்பைப் படித்து அதையே உயரமாக ஏற்றும் சின்ன லிஸ்ப் நிரல் போதும்; எல்லா அலுவலகத்திலும் ஒன்று இருக்கும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. நிரல் எடுத்துக்கொள்ளும் இடம் எழுத்து தொடங்கும் மூலை. அளந்த இடம் அதுவா?

பெரியண்ணனிடம் இதைக் கேட்டபோது ஸ்கேனைப் பெரிதாக்கச் சொன்னார். ‘412.35’ என்று ஒரு மட்டம். அதன் தசமப் புள்ளி மட்டும் மற்ற மை வேலையைவிடக் கொஞ்சம் தடித்து, அழுத்தமாக இருந்தது. “புள்ளி இருக்கிற இடம்தான் இடம் தம்பி. நம்பர அதச் சுத்தி எழுதுவோம்” என்றார். அளந்த இடத்தில் பேனாவை ஊன்றி ஒரு புள்ளி, அதுவே தசமப் புள்ளி, இரு பக்கமும் எண்கள். கணினியில் வரைந்தவர்களில் பழைய கைக்காரர்கள் இதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள்; புதியவர்கள் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டு எழுத்தைத் தள்ளி வைத்தார்கள். 1:500 படத்தில் மூன்று மில்லிமீட்டர் எழுத்தின் மூலைக்கும் நடுவுக்கும் உள்ள இடைவெளி, தரையில் இரண்டு மூன்று மீட்டர். சாட்ஸ்வொர்த் சரிவில் இரண்டு மீட்டர் நகர்ந்தால் மட்டம் அரை மீட்டர் மாறிவிடும். ஆகவே நிரலை ஓட்டுவதற்கு முன், படத்தில் நாலு இடத்தில் எழுத்தையும் சாலை ஓரத்தையும் பார்த்து, வரைந்தவர் எந்த வழக்கக்காரர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த 412.35 அடிக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கா மெட்ரிக்குக்கு மாறுவதற்கு முந்தைய தாள் அது, மீட்டரில் 125.68. ஆட்டோகேட் கோப்பில் இருந்த அதே எண். இரண்டு தலைமுறைப் படங்கள் ஒரே மேன்ஹோலைக் காட்டுகின்றன என்று அங்கேதான் பிடி கிடைத்தது. நாட்டின் மற்ற பகுதிப் பழைய நிலப் படங்களில் கேப் அடி என்று இன்னொன்று உண்டு. ஆங்கில அடி 0.3048 மீட்டர், கேப் அடி 0.3148-க்குச் சற்று மேல். நூறு அடிக்கு ஒரு மீட்டர் வித்தியாசம். தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாராவது ‘திருத்தி’ வைத்திருப்பார்கள், ஜாக்கிரதை.

அடுத்து, இந்த ஊருக்கே உரிய தலைவலி: லோ என்ற தென்னாப்பிரிக்க ஆயத்தொலை முறை.

நம் ஊரில் பள்ளியிலிருந்தே எக்ஸ் கிழக்கே கூடும், ஒய் வடக்கே கூடும் என்று படித்துவிட்டு இங்கே வந்தால், தென்னாப்பிரிக்க சர்வே முறையில் எக்ஸ் தெற்கே கூடுகிறது, ஒய் மேற்கே கூடுகிறது. கோணத்தைத் தெற்கிலிருந்து அளக்கிறார்கள். நாட்டை இரண்டு பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் ஒற்றைப்படை தீர்க்கரேகை ஒன்று. டர்பனுக்கு லோ 31. அந்த 31 பாகைக் கோடு ஊருக்குள்ளேயே போகிறது. சாட்ஸ்வொர்த் அதற்கு மேற்கே, ஆக ஒய் நேர்மம், பதினோராயிரம் மீட்டர் சுற்றுவட்டம். உம்ஷ்லங்கா கிழக்கே, ஒய் எதிர்மம். ஃபீனிக்ஸ் பக்கம் வேலை செய்தால் ஒரே திட்டத்துக்குள்ளேயே குறி மாறும். யாராவது கழித்தல் குறியை ‘தேவையில்லாத கோடு’ என்று எக்செல்லில் நீக்கிவிட்டால், கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் வீடுகள் எல்லாம் மேற்கே மடிந்து வந்து உட்காரும்.

கணக்குப் பரம்பரையில் வந்த மென்பொருளுக்கு இது பெரிய விஷயமில்லை, எண்கள்தானே. படப் பரம்பரைக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். திரையில் வலப்பக்கம் எக்ஸ், மேலே ஒய். இங்கே இரண்டு விதத் தப்பு நடக்கும். லோ-வின் ஒய்யைக் கிழக்காகவும் எக்ஸை வடக்காகவும் குறி மாற்றாமல் போட்டால் படம் 180 பாகை சுற்றித் தலைகீழாக நிற்கும். இது பரவாயில்லை, பார்த்ததும் தெரியும், ஒரு ரொட்டேட் கட்டளையில் தீரும். எக்ஸை எக்ஸாகவும் ஒய்யை ஒய்யாகவும், பெயர் ஒன்றுதானே என்று அப்படியே போட்டால் படம் கண்ணாடி பிம்பமாகிவிடும். இதுதான் ஆபத்து. இடது வளைவு வலது வளைவாகும். எழுத்துகள் நேராகவே வாசிக்கும், ஏனென்றால் எழுத்தைக் கணினி புதிதாகப் போடுகிறது. தூரங்கள் எல்லாம் சரியாக இருக்கும், மட்டங்களும் சரியாக இருக்கும், பரப்பளவும் சரியாக இருக்கும். நீளத்தைச் சரிபார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள். சரியான வழி ஒன்றுதான்: கிழக்கு என்பது ஒய்யின் எதிர்மம், வடக்கு என்பது எக்ஸின் எதிர்மம். எந்தக் கோப்பு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது மூன்று தெரு முனைகளைத் தான். கடிகாரச் சுற்றில் அவை வரும் வரிசை செயற்கைக்கோள் படத்தில் இருக்கும் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும்.

இதோடு முடியவில்லை. 1998 கடைசி வரை நாடு பயன்படுத்தியது கேப் டேட்டம் (டேட்டம் என்பது ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையாக வைக்கும் பூமி மாதிரி). 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டபீஸ்ட்ஹுக்94. இரண்டுக்கும் இடையே தரையில் சில நூறு மீட்டர் நகர்வு. எங்கள் ஆட்டோகேட் கோப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றதற்குக் காரணம் இதுதான். படத்தின் ஓரத்தில் டபிள்யூஜி 31 என்று இருந்தால் புதியது. வெறும் லோ 31 என்று மட்டும் இருந்தால் தேதியைப் பாருங்கள். தேதியும் இல்லையென்றால், இன்னும் இடத்தில் இருக்கும் ஒரு சர்வே கல்லைத் தேடிப் பிடித்து அளப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது.

திரையில் காணாமல் போன கோப்பின் கதை வேறு. சாட்ஸ்வொர்த்தில் எக்ஸ் மதிப்பு 33 லட்சத்து 10 ஆயிரம் மீட்டரை ஒட்டி வரும், பூமத்திய ரேகையிலிருந்து தெற்கே அவ்வளவு தூரம். இவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொரு புள்ளிக்கும் யார் எழுதுவது? அதனால் நில அளவைப் படங்களில் மேலே ‘மாறிலி: எக்ஸ் +3 300 000’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, அட்டவணையில் மிச்சத்தை மட்டும் தருவது வழக்கம். மாறிலியைச் சேர்க்காமல் ஏற்றினால் தெரு 3,300 கிலோமீட்டர் வடக்கே போய்ப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஜெனியோ கோப்பு அங்கேதான் இருந்தது.

அந்த மாறிலி எழுதும் சோம்பலுக்காக மட்டும் வந்ததில்லை. நினைவகம் விலையேறியிருந்த காலத்தில் பல நிரல்கள் எண்களை ஒற்றைத் துல்லியத்தில், அதாவது 32 பிட்டில் வைத்தன. 33 லட்சம் என்ற அளவில் அதில் அடுத்தடுத்துச் சொல்லக்கூடிய இரண்டு எண்களுக்கு இடையே இடைவெளி 25 சென்டிமீட்டர். கெர்ப் கல்லின் இரு விளிம்பும் ஒரே இடம் என்றாகிவிடும். மாறிலியைக் கழித்துவிட்டால் மிச்சம் பத்தாயிரம். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிடும். இன்றைய ஆட்டோகேட் 64 பிட்டில் கணக்குப் போடுகிறது, ஆனால் திரையில் காட்டும் வேலையிலும் சில முப்பரிமாண, விளையாட்டு எஞ்சின் வகை மென்பொருள்களிலும் 32 பிட் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாடலைச் சுழற்றும்போது கோடுகள் நடுங்கினால் இதுதான் விஷயம். பொறியாளர்கள் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டுவார்கள்.

இந்த லோ விவகாரம் உள்ளூர்க்காரர்களுக்கு முதல் நாளே தெரியும். சந்தை சின்னது என்றாலும் தென்னாப்பிரிக்காவில் சொந்த மென்பொருள்கள் முளைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. மாடல் மேக்கர், ஸ்டெல்லன்போஷில் உருவான சிவில் டிசைனர், ஆலிகேட், கேடி எல்லாம் இந்த நாட்டுச் சரக்கு. கட்டட அமைப்புக் கணக்குக்குப் புரோகான். சர்வேயர் கொடுக்கும் எண்ணை அப்படியே ஏற்றினால் படம் நேராக நிற்கும் என்ற நிம்மதியை, அமெரிக்க மென்பொருளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பெரிய பெயர் இல்லை என்பதற்காக இவற்றை மட்டமாகப் பார்க்கும் இளைஞர்களை எனக்குப் பிடிக்காது.

இரண்டு பரம்பரையும் ஒன்றுசேர்ந்தது ஆட்டோகேட் மேல்தான். 1985-இல் டேவிட் அர்னால்ட் தொடங்கிய டிசிஏ என்ற அமெரிக்க நிறுவனம், ஆட்டோகேடுக்குள் கோகோ, தரை மாடல், சாலை நடுக்கோடு எல்லாவற்றையும் ஏற்றியது. பின்னால் சாஃப்ட்டெஸ்க் என்று பெயர் மாறி, 1997-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கிக்கொண்டது. அதிலிருந்து லேண்ட் டெஸ்க்டாப், 2004-க்கு அப்புறம் சிவில் 3டி. நாம் கவனிக்க வேண்டியது, சாஃப்ட்டெஸ்கிலும் லேண்ட் டெஸ்க்டாப்பிலும் இந்தச் சேர்க்கை அரைகுறையாகவே இருந்தது. படம் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பில். புள்ளிகள், தரை மாடல், நடுக்கோடு எல்லாம் பக்கத்தில் ஒரு புராஜெக்ட் ஃபோல்டரில். வேலை முடிந்ததும் எல்லாரும் பத்திரப்படுத்தியது டிடபிள்யூஜியை மட்டும். ஃபோல்டர் ஏதோ ஒரு பழைய சர்வரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்துப் படம் கையில் கிடைத்தால், கொடுத்தவரிடம் ‘பக்கத்தில் ஒரு ஃபோல்டர் இருந்ததா?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒரு வேலையில் பழைய பேக்கப் சிடியில் கிடைத்தது, வாரக்கணக்கில் மிச்சம்.

சிவில் 3டி எல்லாவற்றையும் டிடபிள்யூஜிக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் வெறும் ஆட்டோகேடிலோ வேறு மென்பொருளிலோ திறந்தால் அந்தப் பொருள்கள் நிழலாகத்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. கோப்பை அனுப்பும்போது தரை, நடுக்கோடு, குழாய் எல்லாவற்றையும் லேண்ட்எக்ஸ்எம்எல் என்ற பொதுப் பரிமாற்ற வடிவத்திலும் ஒரு பிரதி அனுப்பினால், வாங்குபவர் உங்களை வாழ்த்துவார். அதுவும் டெக்ஸ்ட் கோப்புதான், ஜெனியோவின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறங்கள் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆட்டோகேட் படங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இருப்பது நிறமே இல்லை, பேனா எண். பிளாட்டரில் ஒன்றாம் பேனா, இரண்டாம் பேனா என்று வெவ்வேறு தடிமன்களைச் செருகி வைத்திருப்பார்கள். எந்த நிறத்துக்கு எந்தத் தடிமன் என்பது அந்தந்த அலுவலக வழக்கம். அந்தப் பட்டியல் இல்லாமல் அச்சடித்தால் சாலை ஓரமும் கான்டூரும் ஒரே கனத்தில் வரும். அவ்வளவுதான், கட்டுமானத்துக்கு ஆபத்தில்லை.

கான்டூரில் இருக்கும் சிக்கல் அப்படி விட்டுவிடக் கூடியது இல்லை. பழைய தாளின் கான்டூர்களை டிஜிட்டைஸ் செய்து முக்கோண வலையாகத் தரை மாடல் செய்தால், மேட்டு முகட்டிலும் ஓடை நடுவிலும் ஒரே கான்டூரின் மூன்று புள்ளிகளே ஒரு முக்கோணமாகிவிடும். மூன்றும் ஒரே உயரம், ஆகவே அந்த முக்கோணம் தட்டை. சரிவில் இறங்கும் ஓடை படிக்கட்டு மாதிரி ஆகி, படிக்குப் படி தண்ணீர் தேங்கும். மழைநீர்க் கணக்கு போடும்போது இது சாதாரணப் பிழை இல்லை. வெள்ளம் எங்கே பாயும் என்று நாம் சொல்லும் பதிலே மாறும். ஓடையின் அடியையும் முகட்டையும் உயரத்தோடு தனிக் கோடாகக் கொடுக்க வேண்டும், பிரேக்லைன் என்பது அதுதான். மாஸ் காலத்துச் சரங்கள் செய்த வேலையும் இதுவே. தரையை எங்கே மடங்குகிறது என்று பார்த்து அளந்தவர்களுக்குத் தட்டை முக்கோணத் தொல்லையே வந்ததில்லை. இன்று டிரோன் கோடிப் புள்ளிகள் கொடுக்கிறது. புதருக்கு அடியில் வாய்க்கால் விளிம்பு எங்கே என்று கேட்டால் அதற்குத் தெரிவதில்லை. ஆளை அனுப்பி அளவுகோலை (ஸ்டாஃப்) பிடித்து அளக்கச் சொல்கிறோம்.

சரி, எங்கள் தெரு. அடியை மீட்டராக்கி, மாறிலியைச் சேர்த்து, குறியை மாற்றி, டேட்டத்தை மாற்றி, நான்கு கோப்புகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் குழாய்களை எக்செல்லில் வரிசையாக எழுதினோம்: மேலிருந்து கீழாக ஒவ்வொரு மேன்ஹோலின் இன்வர்ட் லெவல் (குழாயின் உள் அடி மட்டம்), இடைத்தூரம், வாட்டம். கழிவுநீர் மேல்நோக்கி ஓடாது; ஆகவே எங்காவது வாட்டம் எதிர்மமாகவோ பூஜ்யமாகவோ வந்தால் அந்த வரியில் ஏதோ ஓர் எண் பொய். இந்தச் சோதனைக்கு எந்த உரிமமும் வேண்டாம், அரை மணி நேரம் போதும். படத்தைத் திருத்தும் முன் இதைச் செய்யச் சொல்லி இளையவர்களிடம் நான் அடம் பிடிப்பேன்.

வரி ஒன்றில் மாட்டியது. சிவில் 3டி மாடலில் இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே குழாய் நேராகப் போகிறது, வாட்டம் ஏறக்குறைய பூஜ்யம். மலைச் சரிவில் பூஜ்ய வாட்டமா? ஜெனியோ கோப்பில் அதே இடத்தில் நடுவே இன்னொரு புள்ளி இருக்கிறது, சரம் அங்கே திரும்பி இறங்குகிறது. ஸ்கேனில் பார்த்தால் அந்த இடத்தில் சிறிய வட்டம். பெரியண்ணனின் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். “டிராப் மேன்ஹோல். பாறை வந்துடுச்சுன்னு லைனைத் திருப்பினாங்க. வட்டத்துக்குள்ள சின்னதா கோடு தெரியுதா?” தெரிந்தது. நாங்கள் அந்தக் கோட்டை ஸ்கேன் கறை என்று நினைத்திருந்தோம். டிராப் மேன்ஹோல் என்றால் குழாய் சட்டென்று கீழ்மட்டத்துக்கு இறங்கும் மேன்ஹோல். பின்னால் யாரோ சர்வே செய்தபோது மூடி தாருக்கு அடியில் போய்விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு மூடிகளை மட்டும் அளந்து நேர்க்கோடு போட்டிருப்பார்கள்.

மாடலில் அந்த மேன்ஹோலை ஏற்றி, ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று தனி லேயரில் வைத்திருக்கிறோம். மெட்டல் டிடெக்டரோடு ஒரு சர்வே ஆளும், தாரை வெட்ட ஒரு குழுவும் கேட்டு எழுதியாயிற்று. மூடியைத் திறந்து இன்வர்ட்டை அளந்த பிறகுதான் புதிய மழைநீர்க் குழாயின் மட்டத்தை முடிவு செய்ய முடியும். மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று கடக்கின்றன.